சனிக்கிழமை நுரை

மண்ணூர் வரதராஜுலு எந்தப் பொருளையும் இரண்டு தடவை பார்க்காமல் வீட்டுக்குள் விட்டவர் அல்லர். ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் டைம் ஆபீசில் உட்கார்ந்து, யார் வேலைக்கு வந்தார், யார் வந்ததாகச் சொல்லிக்கொண்டார் என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கண்ணுக்கு மட்டும் ஓய்வு கிடைக்கவில்லை. பால்காரர் ஊற்றும் பாலையும் பார்ப்பார், ஊற்றுகிற கையையும் பார்ப்பார்.

அப்படிப்பட்டவரின் கூடத்தில் ஒரு கடல் மீன் தொட்டி வந்து உட்கார்ந்துகொண்டது. சம்பந்தி நடேசன் வைத்த தலைப் பொங்கல் சீர் அது. நடேசனுக்குச் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு எதிரே கலர் மீன் கடை. மகள் பூர்ணிமாவை வரதராஜுலுவின் மகன் விமலுக்குக் கொடுத்த முதல் பொங்கலுக்கு, பானை, கரும்பு, பச்சரிசியோடு ஒரு மினி வேனில் கண்ணாடித் தொட்டியும் வந்து இறங்கியது. உள்ளே உப்புத் தண்ணீர், பாறைத் துண்டுகள், வரி போட்ட கோமாளி மீன் ஜோடி ஒன்று.

"கடையில வெல போவாதத நம்ம கூடத்துல எறக்கிட்டுப் போயிட்டான்" என்று அன்றைக்கே மனைவி சாரதாவிடம் சொன்னார் வரதராஜுலு.

"ஏங்க, பொண்ணு ஆசையா வளர்த்த மீனுங்க. அது கூட வந்திருக்கு" என்றாள் சாரதா.

"அதான் நானும் சொல்றேன். வளர்த்தது. புதுசு இல்ல."

தொட்டியின் அடியில் ஒரு மர அலமாரி. அதற்குள் இன்னொரு சின்னத் தொட்டி. அந்தத் தண்ணீரில்தான் ஸ்கிம்மர் என்ற அந்தக் கருவி நின்றது. கண்ணாடி போன்ற ஒரு குழாய், கீழே ஒரு குட்டி மோட்டார். மோட்டார் தண்ணீரோடு காற்றைக் கலந்து அடிக்கும். பொடிப் பொடியாகக் குமிழிகள் கிளம்பும். தண்ணீரில் இருக்கும் மீன் கழிவெல்லாம் குமிழிகளில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலே ஏறி, தலையில் இருக்கும் ஒரு கப்பில் போய் விழும். கப்பில் சேருவது டிகாக்ஷன் நிறத்தில், மூக்கைப் பிடிக்க வைக்கும் வாடையோடு இருக்கும். அந்த வாடை கப்பில் இருக்கிற வரைக்கும் தொட்டியில் இருக்காது. குழாயில் நீர் எந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்பதற்கு ஒரு திருகு உண்டு. அது தண்ணீருக்கு அடியில் இருப்பதால், முழங்கை வரை கையை விட்டால்தான் எட்டும்.

சுங்குவார்சத்திரத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை பார்க்கும் பூர்ணிமாதான் முதலில் இதையெல்லாம் கவனித்துக்கொண்டாள். அவள் உண்டானதும் வரதராஜுலு ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "நீ குனியக் கூடாதும்மா. இனிமே அத நான் பாத்துக்கறேன்." விமலுக்கு ஷிப்டும் ஓவர்டைமும் சரியாக இருந்தன. ஆகவே தொட்டி பெரியவர் பொறுப்புக்கு வந்தது. அதற்குச் சனிக்கிழமையை ஒதுக்கினார். சனிக்கிழமை அவருக்கு ஒழுங்கு நாள். காலையில் நல்லெண்ணெய்க் குளியல். பிறகு துளசிக்கு நீர், பெருமாள் படத்துக்குப் பூ. அதன் பிறகு தொட்டி.

அதிலிருந்துதான் தொல்லை தொடங்கியது. வாரம் முழுக்க ஒழுங்காக ஓடும் கருவி, சனிக்கிழமை அவர் கப்பைக் கழுவி மாட்டி, கையை விட்டுத் திருகைச் சரிபார்த்ததும் செத்துப் போகும். ஏறி நின்ற நுரை சட்டென்று இறங்கிவிடும். அவர் திருகை இன்னும் கொஞ்சம் திறப்பார். அசையாது. இன்னும் கொஞ்சம். ஊகூம். மறுநாள் மாலையில், அதுவரை செத்தது போலக் கிடந்த கருவி திடீரென்று உயிர் வந்து பொங்கும். கப்பு நிரம்பி, அலமாரி வழிந்து, தரையில் ஓடும். கருவாட்டுக் கூடையைத் தண்ணீரில் ஊற வைத்தது போல வீடு நாறும்.

"நைனா, நீ ரொம்பத் திருகிட்ட" என்பான் விமல், திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தபடி.

"நான் திருகினது சனிக்கிழமை. அது பொங்கினது ஞாயித்துக்கிழமை. நடுவுல ஒரு நாள் உக்காந்து யோசிச்சிச்சா?"

விமலுக்குத் தெரிந்த மெஷின்கள் யோசிப்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாரதாவின் அண்ணன் தேவராஜன் காஞ்சிபுரத்திலிருந்து மனைவியோடு வந்திருந்தார். தேவராஜன் காதில் விழுந்தது பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு தெரு பாக்கியில்லாமல் போய்ச் சேரும். காபியை வாயில் வைக்கிற நேரத்தில் அலமாரிக் கதவிடுக்கிலிருந்து பழுப்பு நீர் ஊர்ந்து வந்து அவர் மனைவியின் புடவைக் கரையைத் தொட்டது. அந்தம்மாள் காலைத் தூக்கிக்கொண்டாள். தேவராஜன் மூக்கை மூடிக்கொண்டு, ஆனால் வாயை மூடாமல் கேட்டார்:

"இன்னா மாப்ள, சம்பந்தி வெச்ச சீர் இந்த நாத்தம் நாறுது?"

வரதராஜுலு காபியைக் கீழே வைத்தார். அவர் வீட்டுக்கு வந்த எதையும் இதுவரை யாரும் நாறுகிறது என்று சொன்னதில்லை. விருந்தாளிகள் போனதும் பரண்மேல் ஏறி, ஸ்கிம்மர் வந்த அட்டைப் பெட்டியை இறக்கினார். டேப்பை முன்பே யாரோ வெட்டி, மேலே வேறு டேப் ஒட்டியிருந்தது. உள்ளே இருந்த தெர்மாகோலில் வெள்ளை வெள்ளையாகக் கறை.

மாடியில் ஒரு அறையில் வேறு சில பையன்களோடு குடியிருந்த பேச்சிராஜைக் கூப்பிட்டார். தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். கார் கம்பெனி லைனில் வேலை. கடல் பார்த்து வளர்ந்தவன், தெரிந்திருக்கும் என்று நினைத்தார்.

பேச்சிராஜ் தெர்மாகோலைச் சுரண்டி, நுனி நாக்கில் வைத்தான். "உப்புல்லா இது! ஐயா, நான் சொல்லுதேன்னு தப்பா நெனைக்காதிய. இது ஏற்கெனவே உப்புத் தண்ணியில கெடந்த சாமான் மாதிரித் தெரியுது."

"பழசா?"

"பழசுன்னு நான் சொல்லல. புதுசு உப்புக் கரிக்காதுன்னு சொல்லுதேன்."

அவ்வளவு போதும் வரதராஜுலுவுக்கு. வாங்கியவன் யாரோ சரியில்லை என்று திருப்பிக் கொடுத்த கருவியை, சம்பந்தி துடைத்து டேப் ஒட்டிச் சீர் என்று கொண்டுவந்து வைத்திருக்கிறான். அன்றே தேவராஜனுக்குப் போன் போட்டுச் சொன்னார். அதற்குப் பிறகு வீட்டிலும் சொன்னார். பூர்ணிமாவுக்கு ஏழாம் மாதம் பிறந்திருந்தது. நடேசன் வீட்டார் வளையல் தட்டோடு வந்து, வளைகாப்பு போட்டுப் பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துப் போக நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எச்சில் சாமானச் சீருன்னு வெச்சவன், வளையல் தட்டு எடுத்துகினு என் வாசப்படி மிதிக்கக் கூடாது. மொதல்ல வந்து, ஆமா பழசுதான்னு என் மூஞ்சிக்கு நேரா ஒத்துக்கட்டும். அதுவரைக்கும் வளைகாப்பு பேச்சே இங்க வேணாம்."

"புள்ளத்தாச்சிப் பொண்ணு முன்னால இன்னா பேச்சுங்க இது" என்றாள் சாரதா.

"முன்னால பேசறேன். பின்னால பேசற பழக்கம் எனக்கு இல்ல."

பூர்ணிமா தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. வயிற்றில் ஒரு கையும் கண்ணாடியில் ஒரு கையுமாக நின்றவள், மெதுவாக அறைக்குள் போய்விட்டாள். அந்த மௌனமும் வரதராஜுலுவுக்குப் பிடிக்கவில்லை. குற்றம் இல்லாதவளாக இருந்தால் அப்பனுக்காக ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டாளா? தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் பேசாமல் போகிறாள்.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததெல்லாம் அவருக்கு வேறு மாதிரித் தெரிந்தது. பூர்ணிமா போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனால், ஏன் பின்கட்டு? சாரதாவும் அவளும் சமையலறையில் பேச்சை நிறுத்தினால், ஏன் நிறுத்தினார்கள்? விமல் தொட்டிக்கு முன்னால் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்தால், என்ன பார்த்தான்?

வெள்ளிக்கிழமை மாலை, துணி எடுக்கப் பின்பக்கம் போனவர் காதில் அது விழுந்தது. பூர்ணிமா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று போனில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் காலையில வந்துருப்பா. மாமா குளிக்கிற நேரத்துல. அவர் வெளிய வர்றதுக்குள்ள கைவேலைய முடிச்சிடு… இல்லப்பா, அவர்கிட்ட எதுவும் கேக்க வேணாம். நீ வந்தா போதும்."

வரதராஜுலு ஒரு சட்டையோடு அப்படியே நின்றார். விஷயம் வெட்ட வெளிச்சமாகிவிட்டது. அவர் குளியலறையில் இருக்கும்போது அப்பனும் மகளும் பழைய கருவியை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துவிடப் போகிறார்கள். பிறகு எவன் வந்து பார்த்தாலும் புதுசு. அவர்தான் வாய்க்கு வந்ததைப் பேசின கிழவன். அவர் சாரதாவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அவள் போய் மருமகளிடம் சொல்லிவிடுவாள் என்று நினைத்தார்.

சனிக்கிழமை வழக்கம் போல நல்லெண்ணெயை உடம்பெல்லாம் தேய்த்துக்கொண்டு குளியலறைக்குள் போனார். தலைக்குச் சீயக்காய் போட்டார். உடம்புக்கு என்றைக்கும் போடுவதில்லை. தேய்த்த எண்ணெயை அரப்புப் போட்டுக் கழுவிவிட்டால் தேய்த்ததற்கே பொருள் இல்லை, தோலில் கொஞ்சம் நின்றால்தான் குளிர்ச்சி என்பது அவர் அப்பா காலத்திலிருந்து அந்த வீட்டு முறை. மேலுக்கு வெந்நீர் மட்டும். அன்று அதையும் அவசர அவசரமாக ஊற்றினார். வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. குழாயைத் திறந்துவிட்டார், தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று. வேட்டியைச் சுற்றிக்கொண்டு, துண்டு தோளில், ஓசையில்லாமல் கூடத்துக்கு வந்தார்.

நடேசன் அலமாரிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு துணிப்பை. பூர்ணிமா டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வா நடேசா!" என்றார் வரதராஜுலு. சம்பந்தி என்ற சொல் அன்று அவர் வாயில் வரவில்லை. "ஊட்டுக்காரன் குளிக்கிற நேரமாப் பாத்து வந்துகீற. கையும் களவுமா மாட்டிகினியா?"

நடேசன் எழுந்தார். பருத்த மனிதர், மெதுவாகத்தான் எழுந்தார். "சம்பந்தி, இன்னா பேசறீங்க? கப்பு கழுவ வந்தேன்."

"மீன் கடைக்காரரு சனிக்கிழமை யாவாரத்த விட்டுட்டு சிங்கப்பெருமாள் கோவில்லருந்து கப்பு கழுவ வந்தாராம். சாரதா! இங்க வா. விமலு! எழுந்து வாடா." இரவு ஷிப்டு முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த விமல் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். மாடிப்படியில் பேச்சிராஜின் தலையும் தெரிந்தது. "நீயும் எறங்கி வாப்பா. நீதான உப்பக் கண்டுபிடிச்சவன்."

"உப்பு இருக்கும் சம்பந்தி" என்றார் நடேசன். "புது மிஷின் ஒடனே நுர கட்டாது. கடையிலயே ஒரு வாரம் உப்புத் தண்ணியில ஓட்டிப் பழக்கித்தான் கொடுப்போம். என் பொண்ணு வூட்டுக்குன்றதால நானே உக்காந்து ஓட்டினேன். பில்லு கூட…"

"பில்லு நீயே போடற கடக்காரன். அந்தப் பையில இன்னா? புது மிஷினா?"

"மாமா…" என்றாள் பூர்ணிமா.

"நீ இரும்மா." பையை அவரே குனிந்து எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு பிரஷ் விழுந்தது. அதன் மேல், முழங்கைக்கு மேல் வரை நீளும் இரண்டு ரப்பர் கையுறைகள் விழுந்தன. வேறெதுவும் இல்லை. பையை உதறிப் பார்த்தார். உதறினாலும் இல்லை.

"இது இன்னா?"

நடேசன் மகளை ஒரு தடவை பார்த்தார். "கையுறைங்க. இப்பல்லாம் இத மாட்டிகினுதான் தொட்டியில கை வைக்கிறோம். உங்களுக்கும் ஒரு ஜோடி இருக்கட்டுமேன்னு…"

"எனக்கா? என் கை சுத்தமில்லன்றியா? தெனம் பெருமாளத் தொடற கை இது!"

அதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை. அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்தார். குழாயில் நுரை கெட்டியாக, பழுப்பாக, கப்பின் வாய் வரை ஏறி நின்றது. "இப்ப நல்லா நிக்குது பாரு. நான் திருகத் தொட்டாப் போதும், படுத்துக்கும். ஒரு நல்ல மிஷின் தொட்டதும் படுக்குமா? எல்லாரும் பாருங்க!" என்று முழங்கை வரை கையை உள்ளே விட்டுத் திருகைப் பிடித்தார்.

எல்லோரும் பார்த்தார்கள். அவர் சொன்னது போலவே நடந்தது. கப்பின் வாயில் நின்ற நுரை முதலில் சுருங்கியது. பிறகு ஓரத்தில் பிளந்தது. பிறகு, கொதிக்கும் பாலில் குளிர்ந்த நீர் தெளித்தது போலக் கிடுகிடுவென்று குழாயில் இறங்கி, வெறும் குமிழிகளாகக் கீழே கிடந்தது.

"பாத்தீங்களா!" என்றார் வரதராஜுலு.

பூர்ணிமாவின் கையிலிருந்த டார்ச் வெளிச்சம் சின்னத் தொட்டியின் தண்ணீர் மேல் விழுந்திருந்தது. அவர் கையைச் சுற்றி, மழை நாளில் பெட்ரோல் பங்க் தரையில் தெரிவது போல, ஊதாவும் பச்சையுமாக ஒரு மெல்லிய ஏடு விரிந்துகொண்டிருந்தது. நடேசன் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு மகளின் வயிற்றைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"சரிதான் சம்பந்தி" என்றார். "மிஷின் பழசுதான். ஒருத்தர் திருப்பிக் குடுத்தது. தப்பு என்னுது. அடுத்த வாரமே புதுசு கொண்டாந்து மாட்டிர்றேன். வளைகாப்ப மட்டும் நிறுத்தாதீங்க."

சாரதா பெருமூச்சு விட்டாள். விமல் தலையைச் சொறிந்தான். வரதராஜுலு கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது: மூஞ்சிக்கு நேராக, நாலு பேர் முன்னால், பழசுதான் என்ற சொல். அவர் எழுந்து நின்று மீசையைத் தடவியிருக்கலாம்.

ஆனால் அந்தக் கண் சும்மா இருக்கவில்லை. ஒரு நிமிடத்துக்கு முன்னால் பில்லு வரை பேசினவன், இப்போது எதற்காக ஒத்துக்கொள்கிறான்? நுரை படுத்ததற்கா? அது வாராவாரம் படுக்கிறதுதானே. இவன் புதிதாக எதையோ பார்த்துவிட்டு அல்லவா குரலை இறக்கினான்? எதைப் பார்த்தான்? நடேசன் பார்த்த இடத்தை வரதராஜுலுவும் பார்த்தார். தண்ணீர் மேல் மினுக்கிய ஏட்டைப் பார்த்தார். கையை வெளியே எடுத்தார். கடல் தண்ணீர் கையில் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு விழுந்தது. முழங்கையை முகர்ந்தார். நல்லெண்ணெய்.

"பூர்ணிமா."

"மாமா."

"உங்கப்பன நான் குளிக்கிற நேரத்துக்கு எதுக்கு வரச் சொன்ன? சுத்தி வளைக்காம சொல்லு."

அவள் மாமியாரைப் பார்த்தாள். பிறகு நேராக அவரையே பார்த்துச் சொன்னாள். "எண்ணெ பட்டா நுர நிக்காது மாமா. கையில இருக்கிறது கொஞ்சம் போதும். மறுநாள் எண்ணெ போனதும் நுர திரும்பி வரும். நீங்க திருகு தெறந்து வெச்சிருப்பீங்களா, அதான் பொங்கி வழியுது. போன வாரம்தான் எனக்குப் புரிஞ்சுது. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அப்பா வந்து கழுவிட்டுப் போயிட்டா, நீங்க கை வைக்க வேண்டியிருக்காதுன்னு…"

"இன்னும் யார் யாருக்குத் தெரியும்?"

விமல் தொட்டியைப் பார்த்தான். சாரதா முந்தானையைச் சரி செய்தாள்.

"அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியாது" என்றார் வரதராஜுலு.

"சொன்னா விடுவீங்களா? இத்தினி வருசமா உடம்புக்கும் சீயக்கா போடுங்கன்னு சொல்றேன், எங்கப்பா சொன்னாரு தாத்தா சொன்னாருன்னு நிக்கறீங்க. மீனுக்காகச் சொன்னா மட்டும் கேட்டுடுவீங்களாக்கும்" என்றாள் சாரதா.

பேச்சிராஜ் மாடிப்படியில் ஒரு படி பின்வாங்கினான். "நில்லுப்பா, போகாத" என்றார் பெரியவர். அவர் துண்டை எடுத்துக் கையைத் துடைக்கவில்லை. எண்ணெயும் உப்பு நீரும் சொட்டச் சொட்ட அப்படியே நிமிர்ந்து நின்றார். முதுகு என்றைக்கும் விட இன்னும் நேராக இருந்தது.

"நடேசன் பொய் சொன்னாரு" என்றார். "மிஷின் பழசுன்னு சொன்னது பொய். பொண்ணுக்காகச் சொல்லிட்டாரு. என் வூட்ல இன்னொருத்தர் பொய் சொல்லித்தான் எனக்கு மானம் நிக்கணும்னா, அந்த மானம் எனக்கு வேணாம். மிஷின் புதுசு. எண்ணெ என்னுது. பேச்சிராஜு, நீ மேல போயி உன் ரூம் பசங்ககிட்ட எத எப்படிச் சொன்னியோ, அத இப்ப இப்படிச் சொல்லு."

"ஐயா, நான் யார்ட்டயும்…"

"சொல்லிருப்ப. போய் மாத்திச் சொல்லு."

நடேசன் வாயைத் திறந்தார். பெரியவர் கையைக் காட்டினார். ஆனால் நடேசனுக்கும் ஒரு முதுகு இருந்தது. இவ்வளவு நேரம் மகளுக்காக வளைந்திருந்தது இப்போது நிமிர்ந்துகொண்டது.

"சம்பந்தி, இது நாலு சுவத்துக்குள்ள. காஞ்சிபுரத்துல எங்க சொந்தக்காரங்களே என்னக் கூப்ட்டு, பொண்ணுக்குச் செகண்ட்ஹேண்ட் சீர் வெச்சியாமேன்னு கேட்டாங்க. அதுக்கு இன்னா பண்றது?"

தேவராஜன் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. வரதராஜுலு மகனிடம் போனை வாங்கினார். கை எண்ணெயாக இருந்ததால் திரை நகரவில்லை. "நீயே போடு. ஸ்பீக்கர்ல போடு. இவரு காதுல விழணும்."

மணி அடித்தது. "இன்னாடா விமலு, காலங்காத்தால?" என்றது தேவராஜனின் குரல்.

"நான்தான் மச்சான். நடேசன் சம்பந்தி வெச்ச சீர் புதுசு. பழசுன்னு நான் சொன்னது தப்பு. எண்ணெக் கைய தொட்டியில விட்டு நான்தான் கெடுத்துட்டேன். அந்த நாத்தம் எனக்குச் சொந்தம். முன்ன நீ எத்தினி பேருக்குச் சொன்னியோ, ஒருத்தர் விடாம இதையும் சொல்லு. வளைகாப்புக்கு நாளு அவுரு பாத்து வெச்சிருக்காரு. வந்து சேரு."

அந்தப் பக்கம் வெடித்துச் சிரிக்கிற ஓசை கூடம் முழுக்கக் கேட்டது.

"எண்ணெ தேச்சுக்காம வரணுமா மாப்ள?"

சாரதா வாயைப் பொத்திக்கொண்டாள். பூர்ணிமா பார்வையைக் கீழே போட்டாள். வரதராஜுலுவின் முகத்தில் ஒரு தசை அசையவில்லை.

"தேச்சுகினே வா" என்றார். "தொட்டிகிட்ட மட்டும் வந்துடாத."

நடேசன் அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.